சரிபார்ப்பில் இருக்கும் பட்டம்

கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அலுவலகக் கண்காணிப்பாளர் அவள். சான்றிதழ் சரிபார்ப்பு இப்போது முழுக்கக் கணினியில் நடக்கிறதாம். பி.எட். படிக்க விண்ணப்பிக்கிறவர் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்று ஒவ்வொன்றும் தேறிய வருடத்தைத் தட்ட வேண்டும். வரிசை தப்பியிருந்தால் திரையில் சிவப்பு எழுத்து வரும், அடுத்த பக்கத்துக்கே விடாதாம். "நீங்கெல்லாம் இதைக் கையிலயே எப்படிங்க சார் பண்ணுனீங்க? புதுசா வந்தவங்க கேக்கறாங்க. நல்லதா நாலு அனுபவம் எழுதிக் குடுங்க" என்றாள்.

நல்லதாக வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சிவப்பு எழுத்து மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதைப் பல வருடம் நான் என் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் கவிதாவின் பாடு.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாராபுரத்துக்காரன். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டுத் திருப்பூரில் இந்தக் கல்லூரிக்குத் தட்டச்சராக வந்தேன். இளநிலை உதவியாளர், உதவியாளர் என்று ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து, கண்காணிப்பாளர் மேஜையில் வந்து நின்றேன். வாழ்நாள் முழுக்க நகர்ந்த தூரம் மொத்தம் ஒரு அறைதான்.

வார நாட்களில் அது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை அதே கட்டிடம் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம். அதே வகுப்பறை, அதே கரும்பலகை, அதே நான். வார நாட்களில் வருகிறவர்கள் இஸ்திரி போட்ட உடுப்பில் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பனியன் கம்பெனி ஆட்கள். காலையில் கம்பெனிக்குள் போனால் இரவில் வெளியே வருவதற்கு இங்கே ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். வாரம் முழுக்க அப்படி நின்றுவிட்டு, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு பெஞ்சில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பாடம் நடத்துகிறவரும் அவர்களை எழுப்ப மாட்டார்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்கு அந்த மையம் ஒரு வாசல். பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும். ஒரு தகுதிப் படிப்பை எழுதித் தேறினால் நேரே பி.ஏ.வில் சேரலாம். பத்தாவதும் வேண்டாம், பிளஸ் டூவும் வேண்டாம். சட்டப்படி நடந்ததுதான், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. திறந்தநிலை என்று பெயர் வைத்தவர்கள், உள்ளே வந்தபின் எந்தப் பக்கம் வெளியே போவது என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டுக்கும் தலைவர் ஒருவரே. முதல்வர் நாச்சிமுத்து ஐயா. கணியூரில் தோட்டம் உள்ள குடும்பம். ஆனால் அவரை மேடையில் பார்ப்பதைவிட பனியன் கம்பெனி வாசல்களில்தான் அதிகம் பார்க்கலாம். டீ இடைவேளைக்கு ஆட்கள் வெளியே வரும் நேரம் பார்த்துப் போய் நிற்பார். நோட்டீஸ் கொடுக்க மாட்டார், போண்டா வாங்கிக் கொடுப்பார். "எத்தனாவதுல நின்னீங்க கண்ணு?" என்று ஆரம்பிப்பார். எட்டாவது என்று யாராவது சொன்னால், "அட, பட்டம் கையில வந்துட்டா மத்ததெல்லாம் பின்னாலயே வருமுங்க" என்பார். அவர் அதை மனதார நம்பினார். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம். யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். வாய் வராது. முடியாத காரியத்தோடு ஒருவர் வந்து நின்றால், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். "பாத்துக்கலாங்க" என்பார். பிறகு தோட்டத்துக் குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கிற மாதிரி பக்கவாட்டுக் கதவு வழியே போய்விடுவார். வந்தவர் என் மேஜைக்கு வருவார். இல்லை என்பதை நான் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்த வார்த்தைக்கு என்றே ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று வீட்டில் அடிக்கடி சொல்லிப் புலம்புவேன்.

சரிபார்ப்பு எப்படி என்று கவிதா கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மேஜையில் பச்சைத் துணி விரித்திருக்கும். மூலச் சான்றிதழ்களை நான் இடமிருந்து வலமாக அடுக்குவேன். பத்து, பன்னிரண்டு, பட்டம். முதலில் பெயரும் இனிஷியலும் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு பிறந்த தேதி. பிறகு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தாளுக்குள் இருக்கும் முத்திரை தெரிகிறதா என்று பார்ப்பேன். தேறிய வருடத்தைக் கடைசியில் பார்ப்பேன். விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினால் வருடங்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். கடைசியில்தான் என் பென்சில் நகல் மேல் ஒரு சின்ன டிக் போடும். ஐயா கையெழுத்துப் போடுவார்.

ஜெபக்கனி முதலில் ஞாயிற்றுக்கிழமைக்காரியாகத்தான் வந்தாள். தூத்துக்குடிப் பக்கம் ஊர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி அத்தையோடு திருப்பூர் வந்தவள். செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை வெள்ளை விளக்குக்குக் கீழே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எங்கே என்று தேடி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கணவர் அந்தோணி அதே கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். ஐயா வாங்கிக் கொடுத்த போண்டாவைத் தின்றுவிட்டு வந்து சேர்ந்தவர்களில் அவளும் ஒருத்தி.

படித்து என்ன ஆகப்போகிறாய் என்று ஒருநாள் சும்மா கேட்டேன். டீச்சர் என்றாள். எல்லாரும் அதைச் சொல்வதுதான். ஏன் டீச்சர் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

"செக்கிங்ல வாயத் தொறக்கக் கூடாது ஸார். பேசுனா டேமேஜ் கண்ணுல படாம போயிரும்னு சூப்பர்வைசர் ஏசுவாரு. டீச்சர்னா நாள் பூரா பேசலாம்லா."

சேர்ந்த பிறகு அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. தகுதிப் படிப்பு, பிறகு பி.ஏ. தமிழ், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தாள். பட்டமளிப்பு அங்கி போட்டு போட்டோ எடுத்து, பட்டத்தைச் சட்டம் போட்டு, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். அந்தோணி லைன் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, எனக்கும் ஐயாவுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். டீச்சரம்மா வீட்டுக்காரர் என்று கம்பெனியில் அவரைக் கேலி செய்கிறார்களாம். அந்தக் கேலியை அவர் மூன்று முறை சொல்லிச் சிரித்தார்.

பி.எட்.டுக்குப் பத்தாவதும் பிளஸ் டூவும் கேட்பார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரி, அதையும் எழுதிவிடுவோம் என்று தனித்தேர்வராக உட்கார்ந்துவிட்டாள். பட்டதாரி போய்ப் பத்தாம் வகுப்பு எழுதினாள். அறிவியல் செய்முறைக்கு அரசுப் பள்ளி ஆய்வகத்தில் சின்னப் பிள்ளைகளின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, சீருடை போட்ட ஒரு பெண்பிள்ளை வந்து, "புது மிஸ்ஸுங்களா?" என்று கேட்டதாம். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லையாம். பத்து முடிந்தது, பிளஸ் ஒன் முடிந்தது, பிளஸ் டூவும் முடிந்தது. எல்லாமே நல்ல மதிப்பெண்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். பி.எட். சேர்க்கைக்குச் சரிபார்ப்பு நடந்த நாள் அவள் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். ஓணத்துக்கு மலையாளிகள் கட்டுவது போன்ற வெள்ளைப் புடவை, தலையில் பூ. மூன்று சான்றிதழ்களையும் அவளே பச்சைத் துணியில் வைத்தாள். பட்டத்தை முதலில் வைத்தாள். நான் எடுத்து இடமிருந்து வலமாக மாற்றி அடுக்கினேன். பெயர் சரி. பிறந்த தேதி சரி. ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன், முத்திரையும் சரி. கடைசியாக விரலை வைத்து நகர்த்தினேன். வருடங்கள் ஏறுவதற்குப் பதிலாக, பட்டத்துக்கு வந்ததும் இறங்கின.

விதி தெளிவாக இருந்தது. பத்து, பிளஸ் டூ, பட்டம், இந்த வரிசையில் படித்திருக்க வேண்டும். முதலில் இதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவள் படித்துக்கொண்டிருந்த வருடங்களில் அது இறுகிவிட்டது. நான் எழுந்து ஐயாவின் அறைக்குள் போய் மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் தேறிய வருடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவளை உள்ளே கூப்பிட்டார். "நல்லா படிச்சிருக்கீங்க கண்ணு" என்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். "பாத்துக்கலாங்க." பக்கவாட்டுக் கதவு திறந்து மூடியது.

அவள் சிரித்த முகத்தோடு என் மேஜைக்குத் திரும்பி வந்தாள். கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். வரிசை தப்பியிருக்கிறது, சேர்க்க முடியாது என்று அவளிடம் நான் சொன்னேன்.

அவளுக்குப் புரியவே இல்லை. வாதாட வரவில்லை, நிஜமாகவே புரியவில்லை. "மூணும் இருக்குல்லா ஸார்?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். பிறகு எனக்கு விளங்க வைக்கப் பார்த்தாள்.

"எங்க கம்பெனில கைய ஒரு இடத்துல தைப்பாங்க, காலர வேற இடத்துல தைப்பாங்க, உடம்பு இன்னொரு இடத்துல வெட்டிக்கிட்டு இருக்கும். எது முந்தி வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க ஸார். கடைசில என் டேபிளுக்கு வரும்போது பீஸ் முழுசா இருக்கான்னுதான் பாப்பேன். முழுசா இருந்தா பாஸ்."

அவள் செய்த தப்பு இதுதான். இதைத் தப்பு என்று சொல்லவும் எனக்குக் கூசுகிறது. இந்த ஊரில் துணி அப்படித்தான் உருவாகிறது. ஒரு டீ ஷர்ட்டின் பாகங்கள் நாலு தெருவில் நடந்து கடைசியில் ஒரு பெட்டியில் சேரும். அதே கணக்கில் அவள் தன் படிப்பையும் சேர்த்திருந்தாள். எந்தப் பாகமும் குறையவில்லை. செக்கிங் டேபிள் மட்டும் வேறாக இருந்தது.

ஐயா சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த லீவில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், எந்தெந்த அலுவலகத்திலோ காத்துக் கிடந்துவிட்டு வந்தார். போனது யாருக்கும் தெரியாது, பஸ் டிக்கெட் சட்டைப்பையிலிருந்து விழுந்ததால் எனக்குத் தெரியும். என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் கம்பெனி வாசல்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

சில நாள் கழித்து ஜெபக்கனி மறுபடி வந்தாள். கையில் காக்கி உறை. உள்ளே சட்டத்திலிருந்து கழற்றிய பட்டம். அதை என் மேஜையில் வைத்து, "இத வாங்கிக்கிடுங்க ஸார், எனக்கு வேண்டாம்" என்றாள்.

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. யோசித்து வந்திருக்கிறாள். இந்தப் பட்டம் இல்லாமல் போனால் அவளிடம் பத்தும் பிளஸ் டூவும் மட்டும் இருக்கும். அவை ஒழுங்கான வரிசையில்தான் இருக்கின்றன. குறுக்கே நிற்பது பட்டம்தான். அதைப் பல்கலைக்கழகத்திடமே திருப்பிக் கொடுத்து ரத்து செய்துவிட்டால் வழி சரியாகிவிடும் அல்லவா?

நான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். பெயரில் பிழை திருத்த வழி இருந்தது. தொலைந்த பட்டத்துக்கு நகல் வாங்க வழி இருந்தது. தண்ணீரில் நனைந்து கிழிந்ததற்குக்கூட ஒரு வழி இருந்தது. வாங்கிய பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டும் வழி இல்லை. அந்தப் பக்கம் பேசியவர், இப்படி ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததே இல்லை என்று சிரித்தார். அவர் சிரித்தது அவள் காதில் விழுந்திருக்கும். எனக்கு அந்த போனைத் தூக்கி எறியத் தோன்றியது.

மீதி இருந்தது ஒரே வழி. பிளஸ் டூ இருப்பதால் பி.ஏ.வை முதலிலிருந்து மறுபடி படிக்கலாம், இந்த முறை வரிசை சரியாக இருக்கும். அதைச் சொன்னபோது அவள் பச்சைத் துணியின் ஓரத் தையலை நகத்தால் நெருடினாள். "பனியன் துணியப் பிரிச்சுத் தச்சா ஊசி ஓட்டை நிக்கும் ஸார். நாங்க அத செகண்ட்ஸ்னு கழிச்சுத் தள்ளிருவோம்" என்றாள். பிறகு, "சரி, எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

புறப்படும்போது உறையை எடுக்கவில்லை. ஏன் அம்மணி, விட்டுட்டுப் போறீங்க என்றேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். பட்டம் சுவரில் இருந்தால், மறுபடி எதற்கு அதையே படிக்கிறாய் என்று அந்தோணி கேட்பார். காலேஜில் வாங்கி வைத்திருக்கிறார்கள், சரிபார்ப்பு நடக்கிறது, முடிந்ததும் பி.எட். சீட்டும் அதோடு டீச்சர் வேலையும் வரும், அதுவரை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வாளாம். "ஒங்ககிட்டயே இருக்கட்டும் ஸார்" என்றாள். நான் பீரோவின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அதே அறை, அதே பாடம். இலக்கணம் நடத்துகிறவர் வருடா வருடம் அதே இடத்தில் அதே நகைச்சுவையைச் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்பே ஜெபக்கனி தலையைக் குனிந்துகொள்வாள். முன்பு தூங்காதவள் இப்போது தூங்கினாள். எழுப்பத் தோன்றும், எழுப்ப மாட்டேன்.

முதல் வருடம் தேறினாள். இரண்டாம் வருடத்தில் ஷிப்மென்ட் அவசரம் என்று கம்பெனியில் ஞாயிறும் வேலை வைத்தார்கள். அது முடிந்து ஆர்டர் குறைந்தபோது அந்த செக்கிங் பிரிவையே எடுத்துவிட்டார்கள். சேவூர்ப் பக்கம் ஒரு யூனிட்டுக்குப் போகிறாள், பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடுகிறது என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. தேர்வு அன்று அவள் பெஞ்சில் வினாத்தாள் அப்படியே கிடந்தது.

ஐயா ஓய்வு பெற்ற அன்று, மாலையைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, "அந்த அம்மணி என்னானாங்க?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. படிப்பை விட்டுட்டாங்க என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். என்னிடமே "பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். துடைத்து மாட்டிக்கொண்டு, மாலையை எடுக்காமலே போய்விட்டார்.

எனக்கு ஓய்வு நெருங்கிய சமயம். பீரோ சாவியைக் கவிதாவிடம் ஒப்படைக்கப் பொருட்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். காக்கி உறை கையில் வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்த அதே வாரம், வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். தலை நரைத்திருந்தது. புறங்கையில் அயர்ன் சுட்ட தழும்புகள். அந்தோணி.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வேலை முன்போல இல்லையாம், குடும்பத்தோடு ஊருக்கே போகிறார்களாம். போகும் முன் ஒரு விஷயம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். ஜெபக்கனியையும் கூப்பிட்டாராம், அவள் வேலை இருக்கிறது என்று வரவில்லையாம்.

"அவ டிகிரி சரிபாத்து முடிஞ்சிட்டா ஸார்? எப்பக் கேட்டாலும் இன்னும் காலேஜ்லதான் இருக்குங்கா. வெறும் பிரேம மட்டும் ஆணில மாட்டி வச்சிருக்கோம்."

இத்தனை வருடமும் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவரும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் மறைத்ததை உடைக்க நான் யார்? மறைப்பதற்கும் நான் யார்? உறையை எடுத்து, பட்டத்தை வெளியே எடுத்து, பழக்க தோஷம், ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பிடித்தேன். முத்திரை அப்படியே இருந்தது.

"சரிபாத்தாச்சுங்க. அவங்க வாங்குன சான்றிதழ் அத்தனையும் உண்மையானதுதானுங்க. ஒண்ணுலயும் ஒரு குத்தம் இல்லீங்க."

அவர் இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மனைவி பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மடியாமல் உறைக்குள் வைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசல்வரை போனார். செருப்பைப் போட்டபின் திரும்பினார்.

"அப்பம் வேலைக்கு எப்ப ஸார் கூப்புடுவாங்க? ஊர் அட்ரஸ் குடுத்துட்டுப் போவட்டுமா?"

நான் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தேன். அது பூட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி என் கையில் இருந்தது, எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

"பாத்துக்கலாங்க" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் படி இறங்கிப் போனார்.